நடுக்கால்வாயில் ஒரு மேடு

நடுக்கால்வாயில் அளவு மேடு ஒன்று நின்றுகொண்டிருந்தது.

படகு முதல் வளைவைத் திரும்பியதும் நாராயணம்மாதான் அதைப் பார்த்தாள். தண்ணீருக்கு மேலே ஒரு சாண் செம்மண், உச்சியில் காய்ந்த புல்லும் வேருமாக. மண் வெட்டிப் பிழைக்கிறவர்களுக்கு அது என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. எவ்வளவு ஆழம் வெட்டியிருக்கிறோம் என்று மேஸ்திரி அளந்து பார்ப்பதற்காக, நடுவில் ஓரிடத்தைத் தொடாமல் தூண்போல விட்டுவிடுவார்கள். அளந்து முடிந்ததும் அதையும் வெட்டித் தூக்கிவிடுவார்கள். இந்தக் கால்வாயில் அப்படி ஒரு மேடும் மிச்சமில்லை. தண்ணீர் விட்டு மாசக்கணக்காகிறது. ஓடுகிற தண்ணீரில் வெறும் மண் ஒரு வாரம்கூட நிற்காது.

"பெருமாளண்ணா, அங்க என்னா அது?"

படகுக்காரர் பெருமாள் கழியை ஊன்றி எக்கிப் பார்த்தார். "எதும்மா? நொரையச் சொல்றியா? பெங்களூர்க்காரன் துணி தொவச்ச தண்ணி. அவனையே கூட்டியாந்து அவன் நொரையக் காட்டிட்டிருக்கோம்."

முன்பலகையில் உட்கார்ந்திருந்த பெங்களூர்த் தம்பதி உண்மையாகவே நுரையைத்தான் படம்பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டல் மேனேஜர் மேக்ஸ்வெல் குளிர்கண்ணாடிக்குள் சிரித்தான். படகு அந்த இடத்தைக் கடந்தபோது அங்கே நுரை மட்டும் இருந்தது.

இரண்டு பக்கமும் எந்தக் காலத்து ராஜாவோ அடுக்கிய கருங்கல் சுவர், அதன்மேல் கவிழ்ந்து கிடக்கும் புங்கமரங்கள், இலைச் சந்துகளில் விழுந்து தண்ணீரில் நெளியும் வெயில், எங்கோ கூழ் பேக்டரியிலிருந்து வரும் புளித்த மாம்பழ வாடை, அதற்கு அடியில் தென்பெண்ணைத் தண்ணீருக்கே உரிய மருந்து நெடி. காலையில் இட்லி, மதியம் மாந்தோப்பில் சாப்பாடு, பொழுது சாயத் திரும்பிவருவது என்று நாள் பூராவும் மெதுவாகப் போகிற படகு. குருபரப்பள்ளி தாண்டி ஹைவேயில் ஓட்டல் கட்டியவர்கள், பல தலைமுறையாகத் தூர்ந்து கிடந்த கால்வாயை இதற்காகத்தான் மறுபடி வெட்டினார்கள்.

வெட்டினார்கள் என்றால் அவர்களா வெட்டினார்கள்? கல் சுவர் இடியும் என்று ஜேசிபியை உள்ளே இறக்கவில்லை. ஜோடி ஜோடியாக ஆட்களை இறக்கினார்கள். புருஷன் வெட்டி, பாண்டு என்கிற இரும்புச் சட்டியில் அள்ளித் தூக்கிக் கொடுப்பான், பெண்டாட்டி குனிந்து தலையில் வாங்கிக் கரையேறுவாள். நாராயணம்மாவின் உச்சந்தலையில் வட்டமாக முடி தேய்ந்துபோயிருந்தது.

அளக்கிற அன்றைக்கு எல்லா ஜோடியும் செய்கிற திருட்டு ஒன்று உண்டு. மேட்டின் உச்சிப் புல்லைப் பத்தையாகப் பெயர்த்து, அடியில் மண்ணைக் கொட்டி மிதித்து, புல்லை மறுபடி வைத்துவிடுவார்கள். மேடு உயர்ந்தால் பள்ளம் ஆழமாகத் தெரியும், கூலி கூடும். சரிந்து நின்ற கரைக்கடியில் அவள் புருஷன் கங்கப்பன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். "இன்னும் ஒரு சாண் ஏத்துய்யா, அந்தாளுக்கு என்னா தெரியப்போவுது" என்று சொல்லிவிட்டு அவள் பாண்டோடு கரையேறினாள். திரும்பிப் பார்த்தபோது பள்ளம் இல்லை, கரை இடிந்து மூடியிருந்தது.

உள்ளே இறங்கவே இறங்காத ஜேசிபி, அன்று சாயங்காலம் கரையில் நின்றபடியே கையை நீட்டி அந்த மண்ணை அமுக்கிச் சமன் செய்தது. கங்கப்பன் மாலூர் பஸ் ஏறிப் போனதைக் கண்ணால் பார்த்தேன் என்று மேஸ்திரி கற்பூரம் அடித்துச் சொன்னான்.

இரண்டாவது வளைவில் மேடு மறுபடி நின்றது. இப்போது இரண்டு சாண். அதே புல், அதே வேர்.

நாராயணம்மா பார்வையைத் திருப்பிப் பக்கத்தில் இருந்த மகளைப் பார்த்தாள். சுவாதி மூன்றாவது படிக்கிறாள். நன்றாகப் படிக்கிறாள். கிருஷ்ணகிரியில் ஆஸ்டலோடு பள்ளிக்கூடம், ஓட்டல் சமையல்கட்டில் அம்மாவுக்கு நிரந்தர வேலை. மேக்ஸ்வெல் சொன்ன பேச்சு அது. பதிலுக்கு அவள் செய்ய வேண்டியது சுலபம்தான். கால்வாய்க்குள் ஆள் கிடக்கிறான் என்று ஊர் பேசுகிறது. அந்த ஆளின் பெண்டாட்டியே பிள்ளையோடு படகில் சிரித்துக்கொண்டு போய், போன் வீடியோவில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டால் ஊர் வாய் அடங்கிவிடும். நாராயணம்மா ஒரு ராத்திரி முழுக்க அழுதுவிட்டு ஒத்துக்கொண்டாள். இந்தப் பிள்ளையின் தலையில் மண் ஏறக்கூடாது. அதற்காக எதையும் சொல்லலாம்.

"ஏம்மா நாராயணம்மா, இங்க வெளிச்சம் நல்லாருக்கு. இங்கயே பேசிடலாமா?" மேக்ஸ்வெல் போனை உயர்த்தினான். "கொஞ்சம் சிரிச்ச முகமா இரு. எழவு வூட்டுல உக்காந்திருக்கிற மாதிரியே இருந்தா எப்டி?"

"பாப்பா இருக்குது சார்..."

"இருக்கட்டும். அதுக்குந்தான தெரியணும், அவங்கப்பன் லட்சணம்."

அவனுடைய தோளுக்குப் பின்னால், மூன்றாவது வளைவில், மேடு ஆள் உயரத்துக்கு நின்றது. படகு அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. பெருமாளின் கழி அதை உரசிக்கொண்டு இறங்கியது. ஈரமண் பிசுக்கென்று ஒட்டிவிடுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. பெருமாளுக்குக் கேட்கவில்லை.

"எம் புருசன்..." மகளைப் பார்க்காமல் போனைப் பார்த்தாள். "எம் புருசன் மாலூர் பஸ் ஏறிப் போயிட்டாரு. எங்கள வுட்டுட்டுப் போயிட்டாரு. இந்தக் கால்வாயில ஒண்ணுமில்ல."

"சூப்பர்மா" என்றான் மேக்ஸ்வெல்.

மேடு கரைந்தது. உச்சிப் புல் மெதுவாகச் சாய்ந்து தண்ணீருக்குள் போனது. செம்புழுதி நிறத்தில் தண்ணீர் விரிந்து படகைச் சுற்றி நின்றது. அவள் மூச்சு விட்டாள்.

அப்புறம் சத்தம் வந்தது.

படகின் அடியிலிருந்து. மண்வெட்டி மண்ணில் இறங்குகிற சத்தம். சரக். அள்ளிப் பாண்டில் போடுகிற சத்தம். தொப். சரக். தொப். கொஞ்சம் நிறுத்தி, இடுப்பை நிமிர்த்தி, மறுபடி சரக். உலகத்தில் எத்தனை பேர் மண் வெட்டினாலும் அந்த நிறுத்தம் ஓர் ஆளுக்குத்தான் உண்டு. அவன் பாண்டு நிறைந்ததும் கூப்பிட மாட்டான். தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பான். அவள்தான் வந்து குனிய வேண்டும்.

"என்னாடா இது, கழி வரமாட்டேங்குது" என்றார் பெருமாள்.

பெங்களூர்ப் பெண் இன்னும் மரத்தைப் படம்பிடித்துக்கொண்டிருந்தாள்.

சரக். தொப்.

நாராயணம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. கால்கள் முழங்கால்வரை கனத்துக் கிடந்தன. பலகை காய்ந்துதான் இருந்தது, பாதங்களும் காய்ந்துதான் இருந்தன. ஆனால் விரல் இடுக்கெல்லாம் சில்லென்று மண் அமுக்கியது. இடுப்பு. பிறகு நெஞ்சு. உள்ளே போன மூச்சு வெளியே வரவில்லை. சத்தம் போட வாயைத் திறந்தாள். பல்லில் மண் நறநறத்தது.

சத்தம் நின்றது.

பாண்டு நிறைந்துவிட்டது.

அவள் குனியத் தயாராகத்தான் இருந்தாள். என் தலையில் வை, என் தலையில் வை என்று உள்ளுக்குள் கதறினாள். கழுத்து அசையவில்லை.

பக்கத்தில் சுவாதி எழுந்தாள். முகம் துடைக்க ஓட்டலில் கொடுத்திருந்த வெள்ளைத் துண்டை உதறினாள். நீளவாக்கில் முறுக்கினாள். சுருட்டி, முனையை உள்ளே செருகி, உச்சந்தலையில் வைத்து உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தாள். சும்மாடு. அச்சு அசலான சும்மாடு. மகள் கண்ணில் படக்கூடாதென்று நாராயணம்மா வேலைக்காட்டுப் பக்கமே அவளைக் கூட்டிப்போனதில்லை.

"பாப்பாவப் பாரு, தலப்பா கட்டுது" என்று மேக்ஸ்வெல் போனை அந்தப் பக்கம் திருப்பினான்.

படகோரத்தில் நுரை விலகியது. பாண்டின் விளிம்பு மேலே வந்தது. செம்மண், தளும்பத் தளும்ப. அதைப் பிடித்திருந்த இரண்டு கைகள், நகக்கண்ணெல்லாம் மண். மணிக்கட்டு. முழங்கை. அதற்குக் கீழே தண்ணீர் ஆடவே இல்லை.

சுவாதி படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, தலையைக் குனிந்து கொடுத்தாள்.

பாண்டு இறங்கியது. அந்தச் சின்னக் கழுத்து தோளுக்குள் ஒரு விரற்கடை அமுங்கியது. தண்ணீருக்குள் போன கைகள் அடுத்த பாண்டைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தன.