கூத்துடைக்குள் ஒரு குறுவாள்

மேற்கு வானம் உருக்கிய செம்பொன்னாய்ச் சொரிய, அதையெல்லாம் கொள்ளிடம் தன் அலைகளில் வாரி ஏந்திக்கொண்டிருந்த அந்தியில், அன்பு வாசகர்களே, கரையோரக் கூத்தர் கூடாரத்துக்குள் நுழைவோம். அக்கரையில் நெடுங்கரைக் கோட்டை கருங்குன்றமென நிமிர்ந்து நின்றது. சிறைப்பிடித்த ஆதனூர் இளவரசியைக் கோட்டைத் தலைவன் மறுநாள் வலிந்து மணக்கவிருந்தான். அதன் கொண்டாட்டத்தில் ஆடுவதற்காகக் கூத்தர்கள் படகேறத் துடித்துக்கொண்டிருந்தனர்.

அவர்களுக்கு உடை தைக்கும் தேமொழியின் முன்னே, முதல்நாள் வந்து சேர்ந்த விடங்கன் என்னும் வாலிபன் தன் அரையுடைக்காகக் காத்திருந்தான்.

"மடிப்புகளையெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்த்துவிடுங்கள், அம்மணி. சுழலும்போது குடைபோல் விரியும்."

"விரியும். நீர் தொடையில் கட்டியிருக்கும் குறுவாளையும் சபையோர் காண்பார்கள்" என்றாள் தேமொழி, ஊசியில் நூல் கோத்தபடியே.

விடங்கன் திடுக்கிட்டான். அவளோ பட்டுத் துணியை இரண்டிரண்டு மடிப்பாக எதிரெதிரே வைத்து அழுத்தி, இடையிலிருந்து ஒரு சாண் வரை நெருங்கத் தைக்கலானாள்.

"இப்படித் தைத்தால் மேலே துணி படிந்து கிடக்கும், ஓட நேர்ந்தால் கீழே கால்களுக்கு இடமிருக்கும். வலப்புற மடிப்பொன்றை மட்டும் உமது கை நுழையத் தைக்காமல் விடுகிறேன்."

அக்கரையில் முரசு முழங்கியது. இருட்டுமுன் கோட்டையின் நீர்வாயில் மூடிவிடும். ஊசி மின்னலாய்ப் பாய்ந்தது. கடைசி முடிச்சைப் போட்டு உடையை அவன் இடையில் சுற்றிப் பார்த்தபோது விரல்கள் தீண்ட, இருவருமே ஒரு கணம் மூச்சை மறந்தனர்.

"உம்மை அனுப்பியவர் யார்?" என்றாள் மெல்ல.

இனி இவளிடம் மறைப்பதில் பயனில்லை என்று கண்ட விடங்கன், மடியிலிருந்த கணையாழியை எடுத்துக் காட்டினான். "ஆதனூர் மன்னர். அவர் மகளை மீட்கச் செல்கிறேன்."

கணையாழியைக் கண்டதும் தேமொழியின் கண்களில் நீர் திரண்டது.

"கோட்டையில் இருப்பவள் மன்னர் மகளல்ல, வீரரே. பகைவர் எங்கள் பல்லக்கைச் சூழ்ந்தபோது, என் நகைகளை அணிந்துகொண்டு எனக்காகப் பிடிபட்ட என் தோழி குமுதை அவள். உள்ளே நுழைய வழி தேடியே இந்தக் கூத்தரிடம் ஊசி பிடித்தேன்."

விடங்கன் மண்டியிட்டான். "இளவரசி, தாங்கள் இங்கேயே பத்திரமாக இருங்கள். நான் மட்டும் போய்வருகிறேன்."

"குமுதையின் முகம் உமக்குத் தெரியாது. தந்தையின் கணையாழி மீது ஆணை: அவளில்லாமல் நான் ஆதனூர் மண்ணை மிதிக்க மாட்டேன்."

அவன் மறுமொழி சொல்லுமுன், ஆதனூர் இளவரசி ஓடிச்சென்று படகில் முதலாவதாக ஏறினாள்.