ஐந்தாம் அறையில் மூன்றாவது ஆள்

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஐந்தாம் அறையின் கதவு சாத்தியிருந்தது.

எங்கள் நகர மன்றத்துக்கு அடியில் இருக்கும் ஒயின் நிலவறையில், வடக்குச் சுவரை ஒட்டி, கப்பல் வணிகர்கள் ரகசியமாகப் பேசுவதற்கென்று முந்நூறு வருடங்களுக்கு முன்பு ஓக் பலகையால் அடைத்த சின்னச் சின்ன அறைகள் உண்டு. உள்ளே ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு பெஞ்சுகள், ஒரு விளக்கு, அவ்வளவுதான். இரண்டு பேர் உட்கார்ந்தால் கதவு திறந்தே இருக்க வேண்டும், மூன்று பேர் இருந்தால்தான் சாத்தலாம் என்று மன்றம் அந்தக் காலத்திலேயே சட்டம் போட்டிருக்கிறது. மூவரையும் பெயர் கேட்டு எண்ண வேண்டும் என்று அதில் இன்னொரு வரியும் இருக்கிறது. அது எதற்கென்று யாருக்கும் தெரியாது. இப்போது யாரும் பெயர் கேட்பதுமில்லை.

தெக்லா சமையலறை வாசலில் நின்று அந்தக் கதவையே பார்த்தாள். உள்ளே போனவர்களை அவள் பார்த்திருந்தாள். முதலில் மெட்டா. தொப்பிக் கடைக்காரி, போன வருடம் கணவனைக் கடலுக்குக் கொடுத்தவள், கறுப்பு உடையிலும் ஆண்களைத் திரும்பிப் பார்க்க வைப்பவள். அவள் பின்னாலேயே யோஸ்ட். நிலவறையின் பொறுப்பாளன், பதினாறு வருடமாகத் தெக்லாவின் கணவன்.

கிழட்டுப் பரிசாரகர் ஃபோல்கர்ட் தட்டோடு வந்தார்.

“அஞ்சாம் ரூம்ல யாரு?”

“மூணு பேரும்மா.”

“மூணாவது ஆளு யாரு?”

“நான் பார்க்கல. உங்க வீட்டுக்காரர் மூணு கிளாஸ் கேட்டாரு, கதவுக்கிட்டயே வாங்கிக்கிட்டாரு. கொஞ்ச நேரத்துல மூணையும் காலியா அங்கேயே நீட்டினாரு.” கிழவர் கண்ணைச் சிமிட்டினார். “அவரே சட்டத்தை மீறுவாரா என்ன?”

தெக்லாவுக்கு முகம் எரிந்தது. மூன்றாவது ஆள் என்று ஒருவனும் இல்லை. மூன்றாவது கிளாஸை இரண்டு பேருமாகக் குடித்திருக்கிறார்கள், ஒரே விளிம்பில் மாறி மாறி வாய் வைத்து. அந்த விளிம்பை நினைத்துக்கொண்டே முட்டைக்கோஸ் நறுக்கியவள் விரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவன் கோட்டை எடுத்து முகர்ந்தாள். பெண்ணின் வாசனை இருந்திருந்தால் அழுது தீர்த்திருப்பாள். ஆனால் அதில் வடித்து முடித்த பழைய பீப்பாயின் அடிவண்டல் புளிப்பு இருந்தது, அதற்கும் கீழே பாசி பிடித்த உப்புத் தண்ணீரின் வாடை.

“அவகூட கதவைச் சாத்திக்கிட்டு என்ன பண்ணினே?”

யோஸ்ட் இடது புருவத்துத் தழும்பைத் தடவியபடி, விலாங்கு மீனைத் தொடாமல் தட்டைத் தள்ளினான். “அவ கெஞ்சினா, தெக்லா. நானும் உட்கார்ந்தாத்தான் கதவைச் சாத்த முடியும்னு சொன்னா.”

“நீ ஒண்ணு, அவ ரெண்டு. மூணாவது?”

அவன் கைகளை விளக்கருகே நீட்டிச் சூடு காட்டிக்கொண்டே இருந்தான். நகக்கண்கள் நீலம் பூத்திருந்தன. குற்றவாளியின் நடுக்கம் என்று நினைத்துக்கொண்டாள் தெக்லா. பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை இவனுக்கு.

அடுத்த வியாழன் அவர்களுக்கு முன்பே அவள் ஆறாம் அறையில் போய் உட்கார்ந்தாள், விளக்கில்லாமல். மேலே சந்தைச் சதுக்கத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வண்டிச் சக்கரங்கள் கல்லில் உருளும் அதிர்வு கூரை வளைவுகள் வழியே இறங்கி வந்து அவள் பற்களில் மெல்ல உறுமியது. பக்கத்தில் கதவு சாத்தும் ஓசை கேட்டது. பலகையில் காதை வைத்தாள்.

முதலில் கிளாஸ்கள். பிறகு மெட்டாவின் குரல், ஒரு பெண் இருட்டில் மட்டுமே பேசும் குரல்: “ஹின்னர்க்... என் கண்ணே, ஹின்னர்க்...”

ஹின்னர்க் அவளுடைய செத்த புருஷன். அவன் பேரைச் சொல்லி என் புருஷனைக் கொஞ்சுகிறாள்! தெக்லாவின் நகங்கள் பலகையில் இறங்கின.

அப்புறம் யாரோ குடிக்கும் சத்தம். மடக் மடக்கென்று, மூச்சு வாங்காமல், ஒரு கிளாஸில் கொள்ளாத அளவு, ஒரு பீப்பாயே தொண்டையில் இறங்குவது போல நீண்டுகொண்டே போனது. அது நடக்கும்போதே யோஸ்டின் குரலும் கேட்டது.

“போதும். எங்களை விட்டுரு.”

மெட்டா அழுதாள்.

பலகை ஜில்லிட்டது. காது ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தாள். ஓடிவிடலாம் என்று கால்கள் சொல்லின. ஆனால் அழுபவளை அவன் இப்போது அணைத்துக்கொண்டிருப்பான். அந்த ஒரு நினைப்பு. அதுதான் அவளை வெளியே தள்ளி, ஐந்தாம் அறைக் கதவைத் திறக்க வைத்தது.

இருவரும் ஒரே பெஞ்சில் சுவரோடு சுவராக ஒடுங்கியிருந்தார்கள். எதிர் பெஞ்சில் விளக்கு வெளிச்சம் விழவில்லை. விழ வேண்டிய தூரம்தான். விழவில்லை.

“தெக்லா, உள்ளே வராதே!” யோஸ்ட் எழுந்து பாய்ந்தான். ஒரு கையால் மெட்டாவை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். மறு கையை இவளிடம் நீட்டினான். “வா, ஓடிரலாம்! அங்கே பார்க்காதே!”

யாருடைய கையை முதலில் பிடித்தான் என்பதை அவள் பார்த்துவிட்டாள்.

“அவளையே கூட்டிட்டுப் போ.”

“பைத்தியமாடி உனக்கு? வா!”

அவன் கையைத் தட்டிவிட்டாள். அவர்களை இடித்துக்கொண்டு உள்ளே போய், மெட்டாவின் சூடு இன்னும் ஆறாத பெஞ்சில் உட்கார்ந்தாள். “இது என் புருஷனோட நிலவறை. நான் தெக்லா. நான் உட்காருவேன்.”

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

வெளியே யோஸ்ட் இரண்டு முறை அறைந்தான். மெட்டா ஏதோ அலறினாள். பிறகு படிக்கட்டில் காலடிகள். இரண்டு ஜோடி. சேர்ந்தே ஏறின. சேர்ந்தே மறைந்தன.

எதிரே இருட்டு அசைந்தது.

அடிவண்டல் வாடை. உப்பு. மேசை விளிம்பில் ஈரமான விரல்கள். பிறகு ஒரு சட்டைக் கை. ஒரு தாடி, முகமே இல்லாத ஒன்றின் மேல் மெல்ல மெல்ல முளைத்தது. மூக்கு வந்தது. இடது புருவத்துத் தழும்பு வந்தது. கண்கள் கடைசியாக வந்தன.

யோஸ்டின் கண்கள். கல்யாணமான புதிதில் இருந்த கண்கள். அவளை மட்டுமே பார்த்தன.

“தெக்லா,” என்றது, அவன் குரலில்.

அவள் எழப் பார்த்தாள். அது மேசைமேல் கையை நீட்டி, வெட்டுக்காயம் பட்ட அவளுடைய விரலை மிகவும் மென்மையாகப் பற்றியது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அது சிரித்தது, பதினாறு வருடத்தில் யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்காத சிரிப்பு, அதன் பல்லிடுக்குகளிலிருந்து கறுத்த ஒயின் நிற்காமல் மேசையில் வழிந்து அவள் மடிக்கு வந்துகொண்டிருந்தது.