ஆள் மாறிய பாட்டு

கதவுக்குப் பின்னால் பாடிக்கொண்டிருந்தவன் வேறு ஆள் என்பது இரண்டாவது பாட்டில்தான் சிவமணிக்கு உறைத்தது.

புலம்பெயர்ந்து வந்த நாட்டில், கிரான்பர்ன் ஊர் வீட்டின் முன்னறையில், மனைவி யோகாவின் முப்பத்தோராம் நாள் படையலை வைத்துவிட்டு அப்போதுதான் கதவைச் சாத்தியிருந்தார். போனவர் வந்து சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது. இலையில் பிட்டும் இறால் குழம்பும், அவள் உட்காரும் கதிரை, மாலை போட்ட அவளுடைய படம். கூடவே, அவள் உயிராய்க் கேட்ட, 'சோல்' என்ற மேற்கத்திய இசை பாடும் பழைய குழுவின் ரெக்கார்ட் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டைக் கேட்டாவது வருவாள் என்று நினைத்தார். ஆஸ்பத்திரியில் அவர் காரை மாற்றி நிறுத்தப் போன நேரத்தில் அவள் கண்ணை மூடிவிட்டாள். ஒரே ஒருமுறை வந்து, 'போயிட்டு வாறன்' என்று சொல்லிவிட்டுப் போனால் போதும்.

அந்தக் குழுவுக்கு இரண்டு ரெக்கார்டுகள். பாடகனின் தொண்டை கெட்டுப்போக, இரண்டாவதில் எவனோ ஒருவன் அவன் இடத்தில் நின்று பாடினான். அட்டையில் மட்டும் பழைய முகத்தையே போட்டுவிட்டார்கள். அந்த முகத்தை நம்பித்தான் சிவமணி இன்று இரண்டாவதை எடுத்துப் போட்டுவிட்டார். அவள் பக்கத்தில் காலமெல்லாம் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த மனிதருக்கு எந்த அட்டைக்குள் எவனுடைய குரல் என்று எங்கே தெரியும்?

"இதை வீட்டில போடாதேங்கோப்பா," என்பாள் யோகா. "முகம் ஒராள், குரல் வேறாள். எனக்குப் பயமாக் கிடக்கு."

அப்போதெல்லாம் அவர் சிரிப்பார்.

இந்த நாட்டின் ஜூலைக் குளிர் கதவின் கீழிடுக்கு வழியாகக் காலில் ஏறியது. சாம்பிராணி வாசனையோடு, பூட்டிக் கிடந்த அலுமாரியைத் திறந்ததுபோல் ஒரு புழுக்க நெடியும் வந்தது. உள்ளே கதிரை இழுபட்டது. பிறகு, விரல் பிட்டை அளையும் ஓசை, வயிறு காய்ந்தவர் உண்பதைப்போல.

"அம்மா வந்திட்டா," என்றாள் பக்கத்தில் நின்ற மகள் லக்சிகா. அழுதுகொண்டே சிரித்தாள். இந்த ஒரு மாதத்தில் அவள் சிரித்தது இதுதான் முதல்தடவை.

உள்ளே ஒரு பெண்குரல் கூடப் பாடத் தொடங்கியது. யோகாவின் குரல்தான். ஆனால் யோகா எப்போதும் பின்பாட்டுக்காரரோடுதான் முணுமுணுப்பாள். இது முன்னால் நின்று பாடுபவனின் வரியைப் பாடியது.

ரெக்கார்ட் முடிந்தது. ஊசி உராய்ந்தது.

பாட்டு நிற்கவில்லை.

"லக்சிகா," என்று கூப்பிட்டது அது.

யோகா மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. குஞ்சு என்பாள்.

"போகாதை பிள்ளை."

"அது அம்மாதான், அப்பா."

கைப்பிடி திரும்பியது. லக்சிகா உள்ளே போய்விட்டாள்.

சிவமணி பின்னால் ஓடினார்.

கதிரையில் யோகாவின் சேலை. யோகாவின் கொண்டை. மடியில் லக்சிகாவின் தலை. அவள் கண்கள் மூடியிருந்தன, நிம்மதியாக இருந்தாள். ஈரக் கையொன்று அவளுடைய கூந்தலைக் கோதியது.

அது திரும்பியது.

மாலை போட்ட படத்தில் இருந்த அதே முகம். அதே சிரிப்பு. உதடுகள் அசையவில்லை. உள்ளிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது.

மற்றக் கை காலி இலையைத் தட்டிக் காட்டியது.

சிவமணி மகளைப் பார்த்தார். அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. பிறகு படையலுக்குப் பக்கத்தில் வைத்திருந்த பிட்டுச் சட்டியை எடுத்து, அதன் இலையில் பரிமாறத் தொடங்கினார்.