அரை சி.சி.யில் ஒரு கொலை!

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் எடுத்தாள். மறுமுனையில் கான்ஸ்டபிளுக்கு மூச்சிரைத்தது.

"மேடம்... பல் டாக்டர் செத்துட்டார்!"

"எந்தப் பல் டாக்டர்?"

"போன மாசம் உங்க கடவாய்ப் பல்லைப் பிடுங்கினாரே... அவர்தான். யாரோ மண்டையிலேயே போட்டுட்டாங்க!"

"அன்னிக்கு அந்த நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு நானும் அதைத்தான் நினைச்சேன்" என்று முனகியபடி தொப்பியை எடுத்தாள் இன்ஸ்பெக்டர். "எதையும் தொடாதே. வர்றேன்!"

கிளினிக்குக்குப் பின்னால் ஒரு சின்னப் பட்டறை. கதவைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் அறைந்தது.

ஈதர். மண்ணெண்ணெய். விளக்கெண்ணெய்!

ஆஸ்பத்திரிக்கும் மெக்கானிக் ஷெட்டுக்கும் கல்யாணம் செய்துவைத்தால் வரக்கூடிய வாசனை. பார்க்க வந்தவர்களெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் பொத்தவில்லை. பதினெட்டு வருஷமாக அவள் வீட்டுத் தலையணை உறையிலும் இதே வாசனைதான்.

சுவர் முழுக்க அலமாரி. அலமாரி முழுக்க எஞ்சின்கள். ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம்! பொம்மை விமானத்தின் மூக்கில் வைத்துப் பறக்கவிடுகிற டீசல் எஞ்சின்கள். அந்த மூன்றும் கலந்த கலவைதான் அவற்றுக்கு எரிபொருள். அவற்றுக்குக் கீழே, பல் சுரண்டுகிற ஊசிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார் டாக்டர். நோயாளிகளின் பல்லைவிட இந்த எஞ்சின்களின் கரியைத்தான் அவர் அக்கறையாகச் சுரண்டியிருக்கிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது.

டாக்டர் தரையில் கிடந்தார். பக்கத்தில் ஒரு சுத்தியல். கைரேகை இல்லை.

மேஜையில் ஒரு பலகை. பலகையில் திருகிப் பொருத்திய ஒரு குட்டி எஞ்சின். அதன் அருகே, புத்தம் புதிதாகக் கிழித்துத் திறந்த ஒரு பழைய அட்டைப் பெட்டி.

"பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"எட்டே முக்காலுக்கு எஞ்சின் சத்தம் ஆரம்பிச்சுதாம் மேடம். ஒன்பது மணிக்கு ஏதோ வாக்குவாதம். ஒன்பது அஞ்சுக்கு சத்தம் நின்னுடுச்சாம். நிம்மதியா பேப்பர் படிச்சேன்னார்."

"அவர் நிம்மதிக்கு ஒரு உயிரைக் கொடுத்திருக்கார் டாக்டர். பெரிய மனசு."

வாசற்படியில் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தாள். கையில் இன்னும் காய்கறிப் பை. பத்து மணிக்கு வந்து முதலில் பார்த்தவள் அவள்தான்.

இன்ஸ்பெக்டர் குனிந்தாள். "நேத்து சாயந்திரம் நீங்க கத்தினீங்களாமே... 'இந்த வீட்டுல ஒண்ணு அந்த எஞ்சின் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்'னு?"

"கத்தினேன். இருபத்திரெண்டு வருஷமா வாரத்துக்கு ஒரு தடவை கத்தறேன்." டாக்டரம்மா மூக்கை உறிஞ்சினாள். "கொல்றதா இருந்தா முதல் வருஷமே கொன்னிருக்க மாட்டேனா மேடம்?"

நியாயமான பதில். சொந்த அனுபவத்தில் இன்ஸ்பெக்டர் அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டாள்.

திரும்பி மேஜைக்கு வந்தாள். எஞ்சினை உற்றுப் பார்த்தாள்.

திடுக்கிட்டாள்!

எஞ்சினின் புகைவாயில் யாரோ ஒரு மஞ்சள் துணியைச் சுருட்டி அழகாக அடைத்திருந்தார்கள். எண்ணெய்க் குழாயைக் கழற்றி வைத்திருந்தார்கள். எஞ்சினின் முன்னால் இருந்த விசிறியில் ஒரு முனை உடைந்திருந்தது. அதை விரலால் மெல்லத் திருப்பினாள். வழுக்கிக்கொண்டு சுற்றியது. ஓரத்தில் துளிர்த்தது... கறுப்பு எண்ணெய் இல்லை. தெளிந்த, சுத்தமான, புது எண்ணெய்!

"கான்ஸ்டபிள்... ஒரு மனுஷனைக் கொன்னுட்டு, எஞ்சினுக்கு எண்ணெய் விட்டு, தூசி போகாம துணி சுத்தி வச்சிட்டுப் போயிருக்கான் ஒருத்தன்!"

"அப்படியும் செய்வாங்களா மேடம்?"

"சாதாரண மனுஷன் செய்யமாட்டான். இந்த எஞ்சின் பைத்தியங்க செய்வாங்க. ஓட்டி முடிச்சதும் எண்ணெய் விடலைன்னா துரு பிடிச்சிடுமாம். எனக்கு நாலு நாள் காய்ச்சல்... ஒரு போர்வை கிடையாது. எஞ்சினுக்கு மட்டும் ராத்திரி போத்திவிடுவாங்க!" அவள் நிமிர்ந்தாள். "கொலைகாரன் இந்தக் கூட்டத்து ஆளுதான். இவங்க சங்கத்துல மொத்தம் எத்தனை பேர்?"

கான்ஸ்டபிள் நோட்டைப் புரட்டினான்.

"மூணு பேர் மேடம். ஒருத்தர் டாக்டர். அவர் போயிட்டார். ரெண்டாவது, கடிகாரக் கடைக்காரர். பட்டப்பேர் டப்பா. முந்நூறு எஞ்சின் வச்சிருக்காராம். எல்லாமே பிரிக்காத டப்பாவுல."

"மூணாவது?"

கான்ஸ்டபிள் தொண்டையைச் செருமினான். கூரையைப் பார்த்தான். தன் பூட்ஸைப் பார்த்தான்.

"மூணாவது... நம்ம சார் மேடம்."

நம்ம சார். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். இன்ஸ்பெக்டரின் கட்டின புருஷன்!

காலையில் எட்டரைக்கு, 'விளக்கெண்ணெய் வாங்கிட்டு வர்றேன்' என்று கிளம்பியவர். பத்து மணிக்கு வெறுங்கையோடு திரும்பியவர்!

இன்ஸ்பெக்டர் அவன் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கி மூடினாள்.

"அஞ்சு மணிக்குப் பெரிய ஐயா வர்றார் மேடம்" என்றான் கான்ஸ்டபிள் மெதுவாக. "இந்த லிஸ்ட்டைப் பார்த்தா கேஸை உங்ககிட்டேருந்து வாங்கிடுவார். அப்புறம் சாரைத்தான் முதல்ல..."

"தெரியும். ஜீப்பை எடு!"

வாத்தியார் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, காலையிலிருந்து மடிப்புக் கலையாத பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார். தலைகீழாக!

"விளக்கெண்ணெய் எங்கே?"

"கடை... மூடியிருந்துச்சும்மா."

"ஒன்றரை மணி நேரமா மூடின கதவையே பார்த்துட்டு நின்னீங்களா?"

வாத்தியாரின் சட்டைப் பையிலிருந்து ஒரு ஊசிமுனை எண்ணெய்க் குப்பி எட்டிப் பார்த்தது. இன்ஸ்பெக்டர் அதை உருவி மேஜைமேல் 'டொக்' என்று வைத்தாள்.

"டாக்டரோட எஞ்சினுக்கு எண்ணெய் விட்டது யாரு?"

வாத்தியாரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"நான்தான்."

இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். இந்த மனுஷனா? கரப்பான்பூச்சியைக்கூடப் பேப்பரில் ஏந்தி வெளியே விடுகிற இந்த மனுஷனா?

"ஏங்க... ஏங்க கொன்னீங்க?"

"கொன்னேனா? நானா?" வாத்தியார் துள்ளி எழுந்தார். "நான் போனப்பவே அவர் செத்துக் கிடந்தாரும்மா! எழுபது வருஷமா யாரும் ஓட்டாத அரை சி.சி. எஞ்சினை இன்னிக்கு ஸ்டார்ட் பண்றேன், வாங்கன்னு ராத்திரி போன் பண்ணினார். வழியில ஸ்கூட்டர் பஞ்சர். ஒன்பது இருபதுக்குப் போறேன்... டாக்டர் கீழே கிடக்கார். நாடியைப் பார்த்தேன். இல்லை."

"அப்புறம்?"

"அப்புறம்... விசிறியைச் சுத்திப் பார்த்தேன். அது சுத்திச்சு."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அதாவது... பிணத்தைப் பார்த்துட்டு... எஞ்சினுக்கு எண்ணெய் விட்டீங்க?"

"டாக்டரைக் காப்பாத்த முடியாதும்மா. எஞ்சினைக் காப்பாத்தலாமே!"

இன்ஸ்பெக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"போலீசுக்குச் சொல்லணும்னு தோணலையா? பொண்டாட்டியே போலீசு!"

"ரெண்டே நிமிஷம், முடிச்சிட்டுப் பேசலாம்னு இருந்தேன். அதுக்குள்ள வாசல்ல ஏதோ சத்தம். பயந்துட்டு பின்பக்கமா ஓடிட்டேன்."

"யாருக்குப் பயந்து?"

"உனக்குத்தான்!"

"வேற எதையாவது தொட்டீங்களா?"

"சேச்சே. எதையும் தொடலை. விசிறியில ரத்தம் இருந்துச்சு... அதை மட்டும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சேன்."

"ரத்தமா?!"

"ஆமா. விசிறியோட ஒரு முனை உடைஞ்சு, மஞ்சள் துணி ஒண்ணு சிக்கியிருந்துச்சு. யாரோ தெரியாதவன் எஞ்சினை நிறுத்தப் பார்த்திருக்கான்." வாத்தியாரின் குரலில் இப்போதுதான் நிஜமான கோபம் வந்தது. "இதுல சுவிட்ச் கிடையாதும்மா. எண்ணெய்க் குழாயை ரெண்டு விரலால நசுக்கினா தானா நிக்கும். அந்த மடையன் முதல்ல விரலை விட்டிருக்கான், வெட்டியிருக்கு. அப்புறம் துணியை எறிஞ்சிருக்கான். அந்தத் துணியை எடுத்துத்தான் புகைவாயை மூடிட்டு வந்தேன்."

இன்ஸ்பெக்டர் மெல்ல நிமிர்ந்தாள். கண்ணில் ஒரு வெளிச்சம்!

எண்ணெய் விட்டவன் கொலைகாரன் இல்லை. கொலைகாரன்... எஞ்சினை நிறுத்தத் தெரியாதவன்!

"அப்போ டாக்டரம்மாதான் மேடம்!" என்றான் வாசலில் நின்ற கான்ஸ்டபிள். "பொம்பளைக்கு எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்?"

இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்த பார்வையில் அவன் இரண்டு படி இறங்கி நின்றான்.

நாலு மணி. போலீஸ் ஸ்டேஷன்.

இன்ஸ்பெக்டரின் மேஜைமேல் அந்தப் பலகை, அந்த எஞ்சின். சுற்றிலும் மூன்று நாற்காலிகள். ஒன்றில் அழுது ஓய்ந்த டாக்டரம்மா. ஒன்றில் வியர்வையில் நனைந்த வாத்தியார். மூன்றாவதில் டப்பா. ஒல்லியான உடம்பு, பளபளக்கிற தலை, இரண்டு கையிலும் வெள்ளைப் பருத்தி உறை.

"கையில எதுக்கு உறை?"

"பழக்கம் மேடம்" என்றார் டப்பா பெருமையாக. "வெறுங்கை பட்டா எஞ்சின் கறுத்துடும். என் முந்நூறு எஞ்சின்லயும் ஒரு ரேகை கிடையாது. எந்த மாடல், எந்த வருஷம், எத்தனை திருகு... தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன்."

"சந்தோஷம். என்னங்க, ஸ்டார்ட் பண்ணுங்க!"

"மேடம், தடயப் பொருள்..." என்று ஆரம்பித்தான் கான்ஸ்டபிள்.

"தடயத்தைத்தான் சார் காலையிலேயே குளிப்பாட்டிட்டாரே. இனிமே என்ன?"

வாத்தியார் பையிலிருந்து ஒரு புது விசிறியை எடுத்து மாட்டினார்.

"சட்டைப் பையில விசிறியா சார்?" கான்ஸ்டபிள் வாய் பிளந்தான்.

"நீ லத்தி வச்சிருக்கல்ல?"

குழாயை மாட்டினார். இரண்டு சொட்டு எண்ணெய். மேலே இருந்த திருகை ஒரு மயிரிழை இறக்கினார். விரலால் விசிறியைச் சுண்டினார்.

'டக்.'

மறுபடி சுண்டினார். 'டக்... டக்...'

'வீஈஈஈங்!'

ஆயிரம் கொசுக்கள் ஒரே காதுக்குள் புகுந்த மாதிரி ஸ்டேஷன் அதிர்ந்தது. பைல்கள் பறந்தன. லாக்கப்பில் தூங்கிய குடிகாரன் எழுந்து, இனிமேல் தொடவே மாட்டேன் என்று சத்தியம் செய்தான்.

இன்ஸ்பெக்டர் காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள்.

"போதும்! காது போகுது! டப்பா சார்... நீங்கதான் பெரிய நிபுணர். கொஞ்சம் நிறுத்துங்க!"

"நா... நானா? வாத்தியாரே நிறுத்தட்டுமே..."

"அவர் கை நடுங்குது. நீங்க நிறுத்துங்க!"

டப்பா எழுந்தார். எஞ்சினை இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். குனிந்து பலகைக்கு அடியிலும் பார்த்தார். கை விசிறிப் பக்கம் போனது... சட்டென்று பின்வாங்கியது. நெற்றியில் வியர்வை கோடு கோடாக இறங்கியது. பையில் கையை விட்டார். ஒரு மஞ்சள் துணியை உருவினார்... ஓங்கினார்!

"ஐயையோ, துணியைப் போடாதீங்க! விசிறி உடைஞ்சிடும்!"

கத்தியது டாக்டரம்மா!

ஒரே எட்டில் வந்தாள். எஞ்சினைச் சரியாகக்கூடப் பார்க்காமல் எண்ணெய்க் குழாயை இரண்டு விரலால் நசுக்கினாள்.

'வீஈங்... டுப்.'

அமைதி.

"இருபத்திரெண்டு வருஷம்..." டாக்டரம்மாவின் உதடு துடித்தது. "சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா அவர் காதுல விழாது. நானே போய் இப்படி நசுக்கிட்டு, கையைப் பிடிச்சு இழுத்துட்டு வருவேன்." அந்தச் சின்ன எஞ்சினின் சூட்டில் கையை வைத்தபடியே விம்மினாள். "இனிமே யாரைக் கூப்பிடுவேன்..."

இன்ஸ்பெக்டர் அவளை அணைத்து உட்கார வைத்தாள். பிறகு நிதானமாகத் திரும்பினாள்.

"டப்பா சார். முந்நூறு எஞ்சின்! ஒண்ணைக்கூட ஓட்டினதில்லையா?"

"ஓ... ஓட்டினா மதிப்பு போயிடும் மேடம்..."

"உறையைக் கழட்டுங்க!"

டப்பா கழற்றவில்லை. கான்ஸ்டபிள் கழற்றினான்.

வலது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் பெரிய பிளாஸ்திரி!

டப்பா அப்படியே தரையில் மடங்கி உட்கார்ந்தார். பிறகு அலறினார்.

"எழுபது வருஷம் மேடம்! எழுபது வருஷம் ஒரு சொட்டு எண்ணெய் படாத எஞ்சின்! பெட்டிமேல ஒட்டின காகிதம்கூடப் பிரியலை. எனக்குக் கொடுங்கன்னு ஆறு வருஷம் அவர் பின்னாடி நாயா அலைஞ்சேன். அதை... என் கண்ணெதிர்லயே ஸ்டார்ட் பண்ணினார்! பண்ணிட்டுச் சிரிச்சார்! எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியலை. அவர் விழுந்தப்புறமும் அது நிக்காம கத்திட்டே இருந்துச்சு. என்னைக் காட்டிக் கொடுக்கற மாதிரி... எங்கே அமுக்கறதுன்னு தெரியலை மேடம்!"

"தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன்னீங்களே!"

டப்பாவை லாக்கப்புக்குள் தள்ளினார்கள்.

வாத்தியார் நெஞ்சு நிமிர்த்தி எழுந்தார். மனைவியைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

"பார்த்தியா? என்னாலதான் கேஸே முடிஞ்சுது. வா, வீட்டுக்குப் போலாம்."

"நான் போறேன். நீங்க எங்கே வர்றீங்க?"

"என்னம்மா சொல்றே?"

"ரத்தத்தைத் துடைச்சது, தடயத்தை மாத்தினது, பிணத்தைப் பார்த்தும் சொல்லாம ஓடினது. பெரிய ஐயா கேட்டா, புருஷன்னு விட்டுட்டேன்னு சொல்லச் சொல்றீங்களா? ஜாமீனுக்கு நானே வக்கீல் பார்க்கறேன்... நாளைக்கு. கான்ஸ்டபிள், சாரை உள்ளே விடு!"

"மேடம், இருக்கறது ஒரே லாக்கப்தான்..."

வாத்தியார் கம்பிக்குள் எட்டிப் பார்த்தார். மூலையில் தலையைப் பிடித்தபடி டப்பா! வாத்தியாரின் முகம் நிஜமாகவே பயத்தில் வெளிறியது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

"இவன்கூடவா? வேண்டாம்மா! கொலை பண்ணினதைக்கூட ஏதோ கோபம்னு விட்டுடலாம்... ஓடின எஞ்சினுக்கு ஒரு சொட்டு எண்ணெய்கூட விடாம வந்தவன்கூட எப்படிம்மா ஒரே ரூம்ல உட்காருறது?!"