வெள்ளைச்சியின் வலப்பக்கம்

வருடத்துக்கு ஒருமுறை வரும் சான்றுநாள் காலையில் சங்கவி முதலில் செய்கிற காரியம், கமராவைக் கம்பளிச் சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொள்வதுதான். உள்ளே இருக்கிற வெள்ளிச்சுருள், அந்தப் பழைய காலத்துப் படச்சுருள், அந்தக் குளிரில் அப்பளம் மாதிரி உடையும். வயிற்றுச் சூட்டில் கிடந்தால்தான் ஒழுங்காக நகரும். பதினொரு வருடமாக இதே வேலை, இதே வயிறு.

கமராவின் முதுகில் பதிவகத்தின் சிவப்பு அரக்கு முத்திரை. பன்னிரண்டு படம் எடுக்கலாம். எடுத்ததைப் பார்க்க முடியாது, கமராவைத் திறக்கவும் கூடாது. அப்படியே பெட்டியில் போட்டுத் தலைநகருக்கு அனுப்ப வேண்டும். குளிரில் ஒன்று செத்துப்போனால் உதவட்டும் என்று வருடா வருடம் இன்னொரு கமராவும் வரும். அது ஊர் மண்டபத்து இரும்பலமாரியில் பூட்டிக் கிடக்கும். ஒருநாளும் அதை வெளியே எடுக்க வேண்டி வந்ததில்லை. சங்கவி கை நடுங்காதவள்.

இந்தக் காலத்தில் ஏன் இத்தனை கெடுபிடி என்றால், காரணம் இருக்கிறது. எவரும் எதையும் படமாக உருவாக்கிவிடலாம் என்று ஆகி, செத்தவர்கள் சிரிப்பதும் வற்றிய ஆறுகள் ஓடுவதும் திரையில் வரத் தொடங்கிய பிறகு மின்படத்தை எந்த நீதிமன்றமும் சீந்துவதில்லை. முத்திரையிட்ட வெள்ளிச்சுருளும், சத்தியம் செய்துகொடுத்த ஒரு மனிதக் கண்ணும் சேர்ந்தால்தான் சாட்சி. அந்தக் கண்ணுக்கு உரியவரைக் கண்சான்றாளர் என்பார்கள். சோல்விக் குடாவுக்குச் சங்கவி.

சோல்விக் நோர்வேயின் வடக்கு விளிம்பில் இருக்கிறது. மீன் வெட்டும் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்துச் சனத்தின் வழிவந்தவர்கள்தான் அங்கே இருக்கிற நூற்றுப்பத்து வீட்டிலும். மீன் எப்போதோ போய்விட்டது. இப்போது கடலடியில் நிக்கல் தோண்டுகிற சுரங்கம் ஒன்று ஓடுகிறது. வீடுகளும் சுரங்கமும் இருக்கலாமா கூடாதா என்பதை உயிர்நீர்ச் சட்டம் சொல்லும். குடாவுக்குள் ஒரு திமிங்கிலமோ கடல்நாயோ உயிரோடு திரிந்தால் அது உயிர்நீர், மனிதரும் இருக்கலாம். இல்லாவிட்டால் செத்தநீர். முப்பது நாளில் அத்தனை பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். பக்கத்துக் குடாக்கள் மூன்றும் அப்படிக் காலியாகி, அந்தச் சனம் தெற்கே கொட்டில்களில் கிடக்கிறது. சோல்விக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது ஒரே ஒரு வெள்ளைத் திமிங்கிலம். ஊர் அதை வெள்ளைச்சி என்று கூப்பிட்டது.

படகு சின்னது, இரண்டு பேர் இருந்தால் முழங்கால் முட்டும். ஓட்டுகிறவர் அருளப்பு. அறுபது வயது, கிழிந்த வலை பொத்திப் பொத்தித் தடித்த விரல்கள், வாய் அதிகம் திறக்காத மனிதர். ஆனால் வருடத்துக்கு ஒருதரம் இந்தக் கேள்வியை மட்டும் கேட்காமல் விடமாட்டார்.

"இடப்பக்கம்தானே பிள்ளை?"

"வேற எந்தப் பக்கம் அண்ணை," என்று அவள் சிரித்தாள்.

இடப்பக்க விதி அவள் கொண்டுவந்தது. முதல் வருடம் பழைய படங்களைப் புரட்டியபோது, ஒரே விலங்கின் ஒரு பக்கத்தை ஒரு குடாவும் மறுபக்கத்தை இன்னொரு குடாவும் எடுத்து, இரண்டு விலங்கு என்று ஏமாற்றியிருந்தது அவள் கண்ணில் பட்டது. கொதித்துப்போனாள். இனி இடப்பக்கத் தழும்புகளை மட்டும் ஏற்க வேண்டும், வலப்பக்கப் படம் வந்தால் தள்ளிவிட வேண்டும் என்று பதிவகத்துக்கு ஆறு பக்கத்தில் எழுதினாள். அது விதியாகவே ஆகிவிட்டது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. நேர்மையான ஆட்களுக்கு வருகிற வியாதி அது.

குடா நடுவில் அருளப்பு மோட்டாரை நிறுத்தினார். காத்திருந்தார்கள். முதலில் வந்தது மணம். திமிங்கிலத்தின் மூச்சு என்றைக்கும் வாசனையாக இருந்ததில்லை, அது அவளுக்குத் தெரியும். ஆனால் இது வேறு. பூட்டிய வீட்டில் மறந்துபோன இறைச்சியின் நாற்றம். வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டுதான் வந்தது. கேட்டால், கிழடு தட்டினால் அப்படித்தான் பிள்ளை என்பார் அருளப்பு. முதல் நாலு வருடமும் வெள்ளைச்சி பாடும். விசில் மாதிரி, கிளி மாதிரி, கிண்ணத்தில் கரண்டி பட்ட மாதிரி விதவிதமாகப் பாடும். பிறகு நின்றுபோனது. அதற்கும் வயதுதான் காரணம் என்றார்.

வெள்ளை முதுகு எழும்பியது. இடப்பக்கம், கண்ணுக்குப் பின்னால் பிறைத் தழும்பு, அதன் கீழே மூன்று கோடு. சங்கவி கமராவை வயிற்றிலிருந்து எடுத்து ஐந்து படம் எடுத்தாள். துப்பரவான படங்கள். வேலை முடிந்தது.

அப்போதுதான் ஒரு பனிக்கட்டி வந்து படகின் மூக்கில் இடித்தது. படகு அரைவட்டம் சுற்றியது. வெள்ளைச்சி அடியால் நுழைந்து மறுபக்கம் மேலே வந்தது. அருளப்பு துடுப்பை எட்டிப் பிடித்து, "அங்காலை பாக்காத பிள்ளை," என்றார்.

அவள் பார்த்தாள்.

வலப்பக்கத்தில் கண் இல்லை. கண் இருந்த குழிக்குள் ஒரு கறுப்பு வயர் போனது. அதன் பக்கத்துடுப்புக்கு மேலே சூட்கேஸ் அளவில் ஒரு பெட்டி தோலைக் கிழித்துப் பதிக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து மூன்று குழாய்கள் உடம்புக்குள் போயின. பெட்டி ஒரு தரம் விம்ம, வால் ஒரு தரம் அடித்தது. பெட்டியைச் சுற்றிய தசை மஞ்சளாகக் கரைந்து சீழாக ஒழுகியது. அந்தச் சீழில் நகம் அளவுப் பேன்கள் அப்பிக்கொண்டு நெளிந்தன. கிழிந்த ஓரங்களை யாரோ நூல் கொண்டு இழுத்துத் தைத்திருந்தார்கள். பச்சை நைலோன் நூல். இரட்டை முடிச்சு.

அந்த நூல்கட்டை அவள் காலடியில், படகின் சாமான் பெட்டிக்குள், வலைக்கத்திக்குப் பக்கத்தில் கிடந்தது.

சங்கவி படகு விளிம்பில் குனிந்து வாந்தி எடுத்தாள். காலையில் குடித்த தேநீர் முழுவதும் வந்தது. வாயைத் துடைக்கவும் அருவருப்பாக இருந்தது, அந்தக் காற்றுப் பட்ட கையல்லவா.

"நீங்களோ தைச்சது?"

"ஓம்."

"எத்தினை வருசமா?"

"ஏழு. அது உண்மையில அந்தப் பனிக்காலமே செத்திருக்க வேணும் பிள்ளை. சுரங்கத்துக்காரர் பெட்டியைக் கொண்டு வந்தவை. பிய்ஞ்சு பிய்ஞ்சு போகும், நான் தைப்பன்."

"கத்தேல்லையோ?"

அருளப்பு துடுப்பைப் பார்த்தபடி சொன்னார். "முதல் கிழமை கத்தினது. கரைக்குக் கேக்குதெண்டு குரலை அறுத்துப்போட்டினம். இனி அதுக்கு நோகாதெண்டு சுரங்கத்து டொக்டர் சொன்னவர்."

வெள்ளைச்சி மெல்லத் திரும்பியது. மிச்சமிருந்த இடக்கண் படகைப் பார்த்தது. நோகாத சீவனின் கண் அப்படி இராது. அந்தக் கண்ணைத்தான் பதினொரு வருடமாகக் குறிவைத்து எடுத்தோமே, ஏழு வருடம் அது என்னைக் கெஞ்சிக்கொண்டிருந்ததே, நான் வெளிச்சத்தையல்லவா அளந்துகொண்டிருந்தேன் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே காறித் துப்பவேண்டும் போல இருந்தது.

"வலப்பக்கத்தை எடுக்கிறன்," என்று கமராவைத் தூக்கினாள்.

"எடுத்து என்ன செய்யப்போறாய்? வலப்பக்கம் வந்தாப் பதிவகம் தள்ளிப்போடும், இடப்பக்கத்தை வைச்சுக்கொள்ளும். விதியைக் கொண்டுவந்ததே நீதானே பிள்ளை." அவர் குத்திக்காட்டவில்லை. இருப்பதைச் சொன்னார்.

அவள் பெருவிரலால் சிவப்பு அரக்கை உடைத்து, கமராவின் முதுகைத் திறந்து, சுருள் முழுவதையும் வெயிலில் உருவிப் போட்டாள். வெளிச்சம் பட்டு ஐந்து படமும் அழிந்துபோயின.

"முப்பது நாள், பிள்ளை," என்றார் அருளப்பு.

"தெரியும். எனக்கும் சேர்த்துத்தான்."

படம் கிடைத்தால் துடுப்பில் வெள்ளைத்துணி கட்டிக்கொண்டு கரைக்கு வருவது ஊர் வழக்கம். அருளப்பு பழக்கத்தில் கட்டினாரோ பயத்தில் கட்டினாரோ, துணி ஏறிவிட்டது. இறங்குதுறையில் கைதட்டல் கேட்டது. ஊர் முழுக்க நின்றது. தேத்தண்ணிக் குடுவைகள், தட்டு நிறையப் பொரித்த ரோல்ஸ். சபைத் தலைவி செல்வநிதி முன்னால் வந்து, "என்ன பிள்ளை, முகம் வெளிறிக் கிடக்கு?" என்றார்.

சங்கவி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். பெட்டியை, வயரை, பேன்களை, அறுத்த குரலை, ஒன்றும் விடாமல் சொன்னாள். சுருளை உருவிப் போட்டதையும் சொன்னாள். சொல்லிவிட்டு, யாராவது வாயில் கைவைப்பார்கள் என்று பார்த்தாள்.

ஒருவரும் வைக்கவில்லை. ஒருவர் தேநீரை ஊதினார். ஒரு தாய் குழந்தையின் தொப்பியை இழுத்துக் காதை மூடினாள். ஒரு கை ரோல்ஸ் தட்டுக்கு நீண்டது.

"மண்டபத்தில மற்றக் கமரா கிடக்கு," என்றார் செல்வநிதி. "தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வா. இன்னும் ரெண்டு மணித்தியாலம் வெளிச்சம் இருக்கு."

மண்டபத்தில் இரும்பலமாரிக்குப் பக்கத்தில் ஒரு பட்டியல் எப்போதும் ஒட்டியிருக்கும். தண்ணிமுறை என்று தலைப்பு. கிழமைக்கு இரண்டு வீட்டுக்காரர். குடாவில் பனி உடைக்கிற முறை என்றுதான் சங்கவி நினைத்திருந்தாள். கண்சான்றாளர் என்கிற மரியாதைக்காகத் தன் வீட்டை விட்டுவிட்டார்கள் என்று சந்தோசப்பட்டும் இருக்கிறாள். இன்றைக்கு அந்தப் பட்டியலுக்குக் கீழே, சார்ஜ் ஏற்றிய பற்றரிகள் வரிசையாக இருந்ததை முதல்தரம் ஒழுங்காகப் பார்த்தாள். வெள்ளைச்சியின் பெட்டிக்கு.

"எல்லாருக்குமே தெரியும்," என்றாள்.

"உனக்குச் சொல்லியிருந்தா உன்ர கை நடுங்கியிருக்கும். உன்ர கையிலதானே எல்லாம் நிக்குது." செல்வநிதியின் குரலில் வெட்கம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "எங்கட சனம் எத்தினை தரம் மூட்டை கட்டினது சொல்லு. ஒரு மீனுக்காக இன்னொருக்காக் கட்டச் சொல்லுறியோ?"

"அது மீனில்லை அக்கா. பால் குடுக்கிற சீவன்."

செல்வநிதி கமராவை நீட்டினார். நூற்றுப்பத்து வீட்டையும் சங்கவி நினைத்துப் பார்த்தாள். கொட்டில்களையும் நினைத்தாள். குழந்தையின் காதை மூடிய அந்தக் கையையும் நினைத்தாள். பிறகு பட்டியலில் தொங்கிய பேனாவை எடுத்தாள்.

"இண்டைக்கு ஆற்ற முறை?"

"தவராசா வீட்டுக்காரர்."

அதை வெட்டிவிட்டுத் தன் பெயரை எழுதினாள். ஒரு பற்றரியைத் தூக்கிக்கொண்டாள். செல்வநிதியின் கண் கலங்கியது. "எனக்குத் தெரியும், நீ எங்கட பிள்ளையெண்டு," என்று தலையைத் தடவினார். தடவிய இடத்தில் புழு ஊர்ந்தது போல இருந்தது. ஆனால் சங்கவி அசையாமல் நின்று வாங்கிக்கொண்டாள்.

படகு திரும்பவும் கிளம்பியது. துறையில் நின்ற சனம் கையசைத்தது. புதுக் கமரா சட்டைக்குள் போகவில்லை. பலகைமேல், காற்றில், அதன்பாட்டில் குளிர்ந்துகொண்டிருந்தது. அருளப்பு அதைப் பார்த்தார். பிறகு சாமான் பெட்டியைப் பார்த்தார். நூல்கட்டை இருந்தது, வலைக்கத்தி இல்லை. அது சங்கவியின் மடியில் இருந்தது. அவள் அதை மறைக்கவும் இல்லை. மூன்று குழாய்தான். மூன்றையும் அறுத்துவிட்டால் வெள்ளைச்சியின் சீவன் போகும். நாளையிலிருந்து முப்பது நாள் எண்ணத் தொடங்குவார்கள்.

குடா நடுவில் நாற்றம் வந்தது. அருளப்பு மோட்டாரை நிறுத்தினார். அவருடைய வீடும் அந்த நூற்றுப்பத்தில் ஒன்று.

"இடப்பக்கம்தானே பிள்ளை?" என்றார் கடைசியில்.

"வலப்பக்கம், அண்ணை."

அவர் துடுப்பை எடுத்து, பதினொரு வருடத்தில் முதல்தடவையாக, படகை அந்தப் பக்கம் திருப்பினார்.