அழித்த ஏழு இரவுகள்

விலகிப் போக வேண்டிய விண்மீன் கூட்டம் நெருங்கி வந்துகொண்டிருந்தது.

கருவிக் கோளாறுதான் என்று ஹிமேனா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடக்காமா பாலைவனத்தின் இந்த மலை உச்சியில், பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்று அளப்பதுதான் ஒன்பது வருடங்களாக அவள் வேலை. தூரத்துக் கூட்டங்கள் விலகிப் போகப் போக அவற்றின் ஒளி சிவப்புப் பக்கம் நகரும். இது மட்டும் ஒவ்வொரு படத்திலும் இன்னும் கொஞ்சம் நீலத்துக்கு நகர்ந்தது. கட்டுப்பாட்டு அறையில் ஹீட்டரின் சுட்ட தூசி வாசனையும், ஆறிப்போன கோகா இலைத் தேநீரின் கசப்பும், தகரச் சுவரைக் காற்று உரசிக்கொண்டே போகும் நீண்ட ஓசையும் அவளைச் சுற்றி நின்றன.

அது அவளுடைய உதவியாளன் லவுதாரோ அளந்த கூட்டம். போன குளிர்காலத்தில் அவன் ஏழு இரவு விழித்து எடுத்த அளவுகள் அவள் கணித்திருந்த விரிவு வேகத்தைப் பொய்யாக்கின. 'மேகம்' என்று குறிப்பெழுதி ஏழு இரவையும் அழித்தாள். ஏழு இரவும் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது அவளுக்குத் தெரியும்.

"ஒரே ஒரு ராத்திரி குடு ஹிமேனா. திரும்ப அளந்து காட்டுறேன்," என்று கெஞ்சினான்.

"கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு, இவரு அளக்க வந்துட்டாரு. போய்த் தூங்குப்பா."

அவன் தூங்கவில்லை. காரை எடுத்துக்கொண்டு மலை இறங்கினான். மூன்றாவது வளைவில் காரோடு பள்ளத்தில் விழுந்து செத்தான். விசாரணைத் தாளில் 'களைப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது அவள்தான்.

தொலைநோக்கியை இயக்கும் நிவால்தோவை இன்டர்காமில் அழைத்தாள்.

"நிவால்தோ, இந்தக் கூட்டம் வேணாம். வேற பக்கம் திருப்புங்க."

"எந்தக் கூட்டம் டாக்டர்? பனி ஏறிடுச்சுன்னு கூரைய மூடி ஒரு மணி நேரமாச்சே. தொலைநோக்கி மூடின கூரையத்தான் வெறிச்சுப் பாத்துக்கிட்டு நிக்குது."

"உள்ள வெளக்கு ஏதாவது எரியுதா?"

"கும்மிருட்டு. நீங்களும் கொஞ்சம் படுங்களேன்."

அழித்த அளவுகளின் பழைய நகலைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தாள். நடந்ததைத் தன் பெயரிலேயே எழுதிக் குழுவினர் எல்லோருக்கும் அனுப்பினாள்.

"போதுமா லவுதாரோ?"

அடுத்த படம் வந்தது. இன்னும் நீலம். இன்னும் அருகில்.

அடுத்தது. புள்ளி இரண்டாகப் பிரிந்திருந்தது. பக்கத்தில் பக்கத்தில். ஒரே உயரத்தில். இரவில் இந்த மலைப்பாதையில் கார்கள் போட்டுக்கொண்டு வரும் சின்ன விளக்குகளைப் போல.

திரை அணைந்தது.

பின்னால் சக்கரத்துக்கடியில் சரளைக்கல் நொறுங்கியது. அறைக்குள்.

அவள் திரும்பவில்லை. பின்னாலிருந்து வந்த வெளிச்சத்தில் எதிர்ச்சுவரில் அவளுடைய நிழல் விழுந்தது. ஒன்றல்ல. இரண்டு.

இரண்டும் பெரிதாகிக்கொண்டே வந்தன.