முக்காணியில் ஏறியவள்

காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதும். அதற்குள் குடியிருப்பில் எல்லாரும் தோளில் ஊசிப்பட்டையைக் கட்டிக்கொண்டு, தொலைந்தாலும் பாதகமில்லாத ஒரு நினைவை மனத்தில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். நேற்று வைத்த குழம்பு போதும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பழைய கிடங்கு ஒன்றிலிருந்து கசிந்த நரம்பு வாயுவை மூச்சில் வாங்கியவர்கள் இவர்கள். நஞ்சு இன்னும் நரம்பைவிட்டு இறங்கவில்லை. சங்கு ஊதும்போது பட்டையின் ஊசி ஏற்றும் முறிமருந்து ஒருநாள் தவறினால் மூச்சு முட்டும். ஏறினாலோ, அந்த நொடியில் மூளை நினைத்துக்கொண்டிருப்பதைத் துடைத்துவிடும். சும்மா விருந்து போட அது என்ன மாமியார் வீடா?

அதனால் சங்கு நேரத்தில் யாரும் பாடமாட்டார்கள், கூப்பிடமாட்டார்கள். எதிர்வீட்டு மிக்கேலை அவர் மகள் ஒருநாள் 'அப்பா' என்று கூப்பிட்டுவிட்டாள். அந்தப் பெண் யாரென்று இப்போது அவருக்கு வேறொருவர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சங்கு ஓய்ந்ததும் வீட்டுக்கு வீடு அருமையான நினைவுகளைச் சொல்லிச் சரிபார்ப்பார்கள். ஓய்வுபெற்ற கண்டக்டர் சவரிமுத்து தினமும் மனைவி ஜெபமாலையிடம் சரிபார்ப்பது ஒன்றைத்தான்: திருச்செந்தூர் பஸ்ஸில், முக்காணி நிறுத்தத்தில், கொட்டும் மழையில் அவள் முதன்முதலாக ஏறிய நாள்.

அன்று சங்குக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மழை பிடித்துக்கொண்டது.

"மழைய நெனச்சிராத. முக்காணி போயிரும்" என்று சிரித்தார் சவரிமுத்து.

ஜெபமாலை சிரிக்கவில்லை. "அது எங்கிட்ட இல்லங்க. போன மாசமும் சங்கு நேரத்துல மழை பெஞ்சுதுல்லா? அன்னைக்கே போயிட்டு. நீங்க சொல்லுததக் கேட்டு ஆமா ஆமான்னுட்டு இருக்கேன்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

இருவர் சேர்ந்து பார்த்த மழையை இனி அவர் ஒருவரே வைத்திருக்க வேண்டும்.

"ஏன் இத்தன நாளா சொல்லல?"

"அதச் சொல்லும்போது உங்க மொகம் ஒரு மாதிரி இருக்கும். கெடுக்க மனசு வரல."

சங்கு ஊதியது. ஜெபமாலை கண்ணைத் துடைத்துக்கொண்டு நேற்றைய புளிக்குழம்பைக் கெட்டியாக நினைத்துக்கொண்டாள். சவரிமுத்துவும் குழம்பைத்தான் எடுத்து வைத்திருந்தார். அதை விட்டுவிட்டார். ஜன்னலில் மழை தட்டத் தட்ட, அதைக் காதில் வாங்காமல், அவள் சற்றுமுன் அழுதுகொண்டே சொன்னதை மட்டும் நினைத்தார். ஊசி ஏறியது.

சங்கு ஓய்ந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். முகம் மலர்ந்தது.

"இதே மழைதான். பச்சைக் குடைய மடக்கத் தெரியாம, எம்மேல பூரா தண்ணியக் கொட்டிட்டு நின்னியே, ஞாபகம் இருக்கா?"

அவர் எதைக் கொடுத்தார் என்று ஜெபமாலைக்குப் புரிந்துவிட்டது. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறக்குமா?" என்றாள்.